மேகத்தில் வைத்த முகம்

அந்தப் படத்தைச் செய்த அன்று கடையில் மூன்று பேர் இருந்தோம்: நான், அக்கா, கடை முதலாளி. இல்லாதவர் மாமா. அக்காவின் வீட்டுக்காரரைத்தான் மாமா என்கிறேன். குவைத்தில் ஒரு வீட்டுக்குக் கார் ஓட்டப் போனவர். போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, கடைசியாகப் போன் பண்ணி நான்கு மாதம். மாமாவின் அண்ணன் விக்கிரமங்கலத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லியிருந்தார், வரவில்லை. அப்பாவும் அம்மாவும் வெங்காயம் பிடுங்கப் போயிருந்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரை வேடிக்கை பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அம்மா கேட்டதும் நியாயம்தான்.

கடை பெரம்பலூரில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். பிளக்ஸ் அடிக்கிற கடை. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். நான் அங்கே டிசைனர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான்தான், கல்லூரியைப் பார்த்தவனும் நான்தான். அக்கா மூன்றாவதோடு நின்று பருத்தி எடுக்கப் போனாள். அதனால் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், எந்த மனு எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வரும். மாமாவைத் தேடுகிற வேலையும் அப்படித்தான் என்னிடம் வந்தது.

முறையாகச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருந்தோம். அனுப்பிவைத்த ஏஜெண்டின் நம்பர் அணைந்து கிடந்தது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். அரியலூரில் திங்கட்கிழமை மனு வாங்குகிற இடத்தில் வரிசையில் நின்று கொடுத்தோம், ரசீது தந்தார்கள். அக்கா அந்த ரசீதை ரேஷன் கார்டோடு வைத்திருந்தாள். நான் மட்டும் வேறு ஒரு வழியை நம்பிக்கொண்டிருந்தேன். அது இணையத்தில் இருந்த ஒரு மன்றம்.

இப்போது எல்லோரும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் அந்தப் பழைய தமிழ் மன்றத்தில் அரபு நாடுகளில் வேலை செய்கிற நம்மாட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். விசா, லைசென்ஸ், சம்பளம் வராதது, ஊருக்குப் பெட்டி அனுப்புவது என்று எதைப் பற்றியாவது கேட்டுக்கொண்டும் பதில் சொல்லிக்கொண்டும் இருப்பார்கள். நாம் அங்கே என்ன எழுதினாலும் அதன் அடியில் நமக்கென்று ஒரு சின்னப் படம் வரும். சிக்னேச்சர் என்பார்கள். பஸ்ஸின் பின் கண்ணாடியில் பெயர் எழுதுவதைப் போல ஒரு பட்டை, அவ்வளவுதான். ஒரு தடவை அதை வைத்துவிட்டால் நாம் போகிற இடமெல்லாம் அதுவும் வரும். கல்லூரி நாட்களிலிருந்து அந்தப் படங்களைச் செய்வதில் எனக்குப் பைத்தியம். நிலா, மழை, தூரத்தில் ஒரு வீடு என்று எல்லாவற்றையும் பனிக்குள் மூழ்கியதாகச் செய்வேன். அதற்கென்றே மன்றத்தில் ஒரு பகுதி இருந்தது. அங்கே என் படங்களைப் பாராட்டுவார்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் என்னைத் தம்பி என்று கூப்பிடாமல் கலைஞரே என்று கூப்பிடுவார். எங்கள் தெருவில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

தேடுகிறோம் என்று ஒரு பதிவு போட்டுவிட்டேன். இரண்டு நாளில் அது இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. ஒரு வாரத்தில் எங்கே என்று நானே தேட வேண்டியிருந்தது. அப்போதுதான் சிக்னேச்சர் யோசனை வந்தது. மாமாவின் முகத்தைப் பட்டையில் வைத்துவிட்டு, அங்கே நடக்கிற எல்லாப் பேச்சிலும் போய் ஒரு வார்த்தை எழுதினால், முகம் எல்லா இடத்துக்கும் போகும். குவைத்தில் இருப்பவன் எவனாவது ஒருவன் பார்த்தால் போதும்.

பாஸ்போர்ட் போட்டோவையே போட்டு, பேரும் ஊரும் எழுதிவிடு என்றாள் அக்கா. எனக்கு மனசு ஒப்பவில்லை. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் 'காணவில்லை' நோட்டீசை யார் நின்று பார்க்கிறார்கள்? நீலத் துணிக்கு முன்னால் முறைத்துக்கொண்டிருக்கும் முகத்தைக் கண் தானாகத் தாண்டிப் போய்விடும். அழகாக இருந்தால்தான் நிற்கும். இதுதான் என் வாதம். இன்றைக்கும் அந்த வாதத்தில் எது பிழை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அக்காவின் போனில் ஒரு படம் இருந்தது. திருமழபாடிக்குப் போனபோது கொள்ளிடக் கரையில் எடுத்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மாதிரி மாமா நிற்பார். அவர் தோளில் அக்காவின் கை இருக்கும். முதலில் மணலை அழித்தேன். பிறகு அந்தக் கையை அழித்தேன். முகத்தை ஒரு லேயரில் வைத்து, அதே முகத்தை இன்னொரு தடவை அதன் மேல் போட்டு, மேலே இருந்ததை மட்டும் கலங்கலாக்கினேன். இரண்டும் சேரும்போது தோலுக்கு உள்ளேயிருந்து வெளிச்சம் கசிவதைப் போல ஒரு மினுக்கம் வரும். மன்றத்தில் இதைக் கனவு எஃபெக்ட் என்போம். ஓரங்களை மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே போனேன். சட்டைக் காலர் எங்கே முடிகிறது, பின்னால் இருக்கும் மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குத் தேய்த்தேன்.

மேகம் கடையின் போல்டரில் இருந்ததுதான். ஒன்று சொல்ல வேண்டும், நான் கவனமில்லாமல் செய்யவில்லை. அஞ்சலி பேனர் மாதிரி ஆகிவிடக் கூடாது என்ற எண்ணம் எனக்கு இருந்தது. விளக்கு வைக்கவில்லை. பூ வைக்கவில்லை. கறுப்பு பார்டர் போடவில்லை. மேகத்தைக் கல்யாண பேனருக்கும்தான் போடுகிறோம், மேகம் பொதுவானது என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு மூன்று அஞ்சலியாவது என் கையால் போகும் கடையில் உட்கார்ந்துகொண்டு அப்படி நினைத்தேன்.

முகத்துக்கு இடது பக்கம் அவர் விமானம் ஏறிய தேதி. வலது பக்கம் கடைசியாகப் பேசிய தேதி. போன் நம்பர் போடக் கூடாது என்பது மன்றத்தின் விதி. அதனால் கீழே, சாய்ந்த எழுத்தில், 'குவைத்தில் எங்கேயாவது பார்த்தவர்கள் சொல்லுங்கள், வழி பார்த்திருக்கிறோம்' என்று ஒரு வரி.

முதலாளி டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்று, உன் கை பட்டால் மூஞ்சிக்கே ஒரு களை வந்துவிடுகிறது என்றார். அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங் கையக் காணோமேடா."

அவர் முகம் மட்டும்தான் வேண்டும் அக்கா என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அவரு இவ்ளோ செவப்பு கெடையாதே. இத வச்சி ஒருத்தன் அடையாளம் கண்டுக்குவானா?"

நெட்டில் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் சேலைத் தலைப்பால் ஸ்கிரீனில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு, நீ படிச்சவன், உனக்குத் தெரியாததா என்றாள். மூன்றே முக்காலுக்கு விக்கிரமங்கலத்துக்கு ஒரு பஸ் இருந்தது, அதைப் பிடிக்க ஓடினாள்.

அடுத்த இரண்டு மாதம் நான் அந்த மன்றத்தில் எழுதாத இடம் இல்லை. லைசென்ஸ் புதுப்பிப்பது பற்றி யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்ததைப் போல ஏதாவது சொல்வேன். யாருக்காவது குழந்தை பிறந்தால் வாழ்த்துவேன். ஒவ்வொன்றின் அடியிலும் மாமா மேகத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். எல்லோரும் என்னிடம் முன்னைவிட மென்மையாகப் பேச ஆரம்பித்தார்கள். எப்போதும் வம்பிழுக்கும் ஒருவர்கூட என் பதிவில் மட்டும் சண்டை போடாமல் விலகிப்போனார். சிலர் வார்த்தை எதுவும் எழுதாமல் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். என் தவிப்பு அவர்களுக்குப் புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருவர் தனியாகக் கடிதம் போட்டார். படம் மனசை என்னவோ செய்கிறது, இதே மாதிரி எங்கள் அப்பாவுக்கும் ஒன்று செய்து தருவீர்களா என்று கேட்டார். அவர் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்துகொடுத்தேன். அதே மேகம், அதே வெளிச்சம், இரண்டு பக்கமும் இரண்டு தேதி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் நன்றி சொன்னார், நான் சந்தோஷப்பட்டேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

படம் வைத்து ஐந்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒருவர் வந்தார். செட்டிகுளத்துக்காரர், குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். மகளுக்குக் காது குத்து, பத்துக்கு எட்டு அடியில் ஒரு பேனர் வேண்டும். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தாய்மாமன்கள் போட்டோவை எந்த வரிசையில் போட வேண்டும், எவர் படம் பெரிதாக இல்லாவிட்டால் சண்டை வரும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த பென்டிரைவை நான் திறந்தபோது, ஸ்கிரீனின் பின்னணியில் வால்பேப்பராக வைத்திருந்த மாமாவின் படம் தெரிந்தது. அவர் பேச்சை நிறுத்தினார்.

"இவுரு விக்கிரமங்கலத்துக்காரர்தானே தம்பி?"

ஆமாங்க, எங்கள் மாமா என்றேன்.

"நல்ல மனுசன். நான் பாத்தப்ப எந்திரிச்சி நடந்துட்டுத்தான் இருந்தாரு. அதுக்குள்ள இப்புடி ஆயிருச்சேன்னு இந்தப் படத்தப் பாத்ததும் ரெண்டு நாளு சோறு எறங்கல. எப்பங்க தவறுனாரு?"

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது எல்லாம் நினைவிருக்கிறது. கூட வேலை செய்கிற ஒருவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பக்கத்துக் கட்டிலில் மாமா. தமிழ் கேட்டதும் அவராகவே பேச்சுக் கொடுத்திருக்கிறார். முதல் வீட்டில் சம்பளம் வராமல் வெளியே வந்துவிட்டார், அடையாள அட்டை இல்லாமல் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நின்றார், காலில் இரும்பு விழுந்து சீழ் பிடித்துவிட்டது, போன் தொலைந்துவிட்டது. ஒரு நம்பரும் மனப்பாடமாக இல்லை. விக்கிரமங்கலம் என்றும், மச்சினன் பெரம்பலூரில் பிளக்ஸ் கடையில் இருக்கிறான் என்றும் சொல்லி, எப்படியாவது வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லியிருக்கிறார். இவர் தன் மனைவியை விட்டுப் பெரம்பலூரில் விசாரிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை ரூமில் படுத்துக்கொண்டு லைசென்ஸ் பற்றி மன்றத்தில் எதையோ தேடும்போது, யாரோ எழுதிய பதிலின் அடியில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"நான் பாத்துட்டு வந்து மூணு நாள்ல முடிஞ்சிபோச்சுன்னு நெனச்சேன். வூட்ல இருக்கறவங்களே படம் போட்டுட்டாங்க, அப்ப அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அப்பறம் துக்க வூட்டுக்குள்ள நான் போயி என்னத்தச் சொல்ல?"

இது இரங்கல் படம் இல்லைங்க, தேடுகிற படம் என்றேன். அவர் நம்பாதவர் போலத் தன் போனை எடுத்தார். மன்றத்துக்குள் போய், என் பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டு விரலால் படத்தை விரித்தார். அவர் போனில் அன்றுதான் அதைப் பார்த்தேன். கடையின் பெரிய ஸ்கிரீனில் தவிர வேறெங்கும் அதை உற்றுப் பார்த்ததில்லை. மன்றம் படத்தைத் தன் அளவுக்குச் சுருக்கியிருந்தது. கீழே இருந்த வரி ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது. தேதிகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நடுவில் மேகத்தில் முகம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்ததால் எனக்கு எப்போதும் அந்தக் கோடு எழுத்தாகவே தெரிந்துகொண்டிருந்திருக்கிறது.

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டார். "படம் அவ்வளவு நல்லா இருந்துச்சு தம்பி" என்றார். என் மேல் குற்றம் சொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. காது குத்து பேனர் வேலையை முதலாளிதான் முடித்துக்கொடுத்தார்.

அன்றைக்கே விக்கிரமங்கலம் போனேன். அக்காவிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், படத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவள் முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கக் கொட்டையின் பால் பட்டுக் கறுத்திருந்தது. மாமா உயிரோடு இருக்கலாம் என்பதைத்தான் அவள் முதலில் பிடித்துக்கொண்டாள். எந்தக் கால், இடதா வலதா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கேட்க மறந்திருந்தேன்.

மாமாவின் அண்ணன் மாட்டைக் கட்டிவிட்டு வந்து நின்று கேட்டார். முழுசாகக் கேட்டுவிட்டு, அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"ஆளு உசுரோட கெடக்கறப்பவே ஒந் தம்பி படம் போட்டு ஊருக்குக் காட்டிட்டான். படிச்சவன் வேலையப் பாத்தியா."

அக்கா எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

செட்டிகுளத்துக்காரர் அங்கே இருக்கும் தன் ரூம் ஆட்களிடம் சொன்னார். அவர்கள் வழியாக, ஆஸ்பத்திரிகளில் நம்மாட்களுக்காக அலைகிற ஒரு தமிழர் கிடைத்தார். அவர் பன்னிரண்டு நாள் தேடினார். அந்த நாட்களில் அக்கா தினமும் கடைக்குப் போன் பண்ணினாள். ஒரு நாள்கூட அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை. மாமா வந்தால் முதலில் காலைத் திருச்சியில் காட்ட வேண்டும், இனி கார் ஓட்ட முடியாவிட்டாலும் ஆடு வாங்கி மேய்க்கலாம் என்பாள்.

பதிமூன்றாம் நாள் தகவல் வந்தது. நான் சிக்னேச்சர் வைத்து இருபத்தொன்பது நாள் மாமா உயிரோடு இருந்திருக்கிறார். முகத்தைப் பார்த்துக்கொண்டே கும்பிடு போட்டவர்களில் எத்தனை பேர் அந்த ஆஸ்பத்திரி இருந்த தெருவைத் தாண்டிப் போயிருப்பார்கள் என்று தெரியாது. கேட்க யாரும் இல்லாததால் உடல் இன்னும் பிணவறையிலேயே இருந்தது.

மன்றத்துக்குள் போய்ப் படத்தை எடுத்தேன். ஓரிடத்தில் எடுத்தால் போதும், எழுதிய எல்லாப் பதிவுகளின் அடியிலிருந்தும் அது ஒரே நொடியில் போய்விடும். மறுநாள் யாரோ ஒருவர், ஏன் எடுத்துவிட்டீர்கள், அருமையான படமாயிற்றே என்று கேட்டிருந்தார். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

உடலைக் கொண்டுவரலாம், ஆனால் இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் அந்தத் தமிழர். ஓடிப்போனவர் என்று குவைத் வீட்டுப் பழைய முதலாளி எழுதிக் கொடுத்திருந்ததால் யார் பொறுப்பு என்பதே முதலில் தீர வேண்டும். வந்தாலும் பெட்டியைத் திறக்கக் கூடாது. அங்கேயே அடக்கம் செய்வதென்றால் குடும்பத்தின் சம்மதக் கடிதம் ஒன்று போதும். மாமாவின் அண்ணன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, அங்கேயே செய்துவிடட்டும் என்று சொன்னார்.

அரியலூரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் கடிதத்தை அடித்தோம். அடித்ததை அக்காவுக்கு நான் படித்துக் காட்டினேன். என் கணவரின் உடலை அங்கேயே அடக்கம் செய்ய எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை என்று இருந்தது.

"ஆட்சேபனைன்னா?"

"வேணாம்னு சொல்ல மாட்டோம்னு அர்த்தம்க்கா."

"வேணாம்னு சொன்னா கொண்டாந்துருவாங்களா?"

டைப் அடித்த அம்மாள் கீ போர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த பதில் எல்லாவற்றையும் அதற்கு முந்தின இரண்டு நாளில் சொல்லியிருந்தேன். அக்கா, நூறு நாள் வேலைக்குப் போனபோது எழுதப் பழகிய தன் பெயரை, காட்டிய மூன்று இடத்திலும் எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது மூடியைத் தேடி மாட்டிக் கொடுத்தாள்.

நோட்டரி முத்திரை வைத்தார். பக்கத்துக் கடையில் ஸ்கேன் எடுத்து நான் என் போனிலிருந்தே அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில், கிடைத்தது, நாளை மறுநாள் அடக்கம் என்று பதில் வந்தது. அக்காவிடம் காட்டினேன். சரி என்றாள். பஸ் ஸ்டாண்டில் ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். அவள் ஏறியது டவுன் பஸ், பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது. முத்திரைத் தாள், டைப்பிங், நோட்டரி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஆனது எழுநூற்று முப்பது ரூபாய்.